நாடி கிடைக்காத கைக்கு எத்தனை ஸ்கேன்?

கேள்வி: மதிப்பிற்குரிய டாக்டருக்கு வணக்கம். என் மகளுக்கு 23 வயது, பி.எட். படிக்கிறாள். ஆறேழு மாதமாகச் சாயங்காலமானால் லேசான காய்ச்சல், எப்போதும் அசதி. ஐந்து கிலோ இளைத்துவிட்டாள். கொடியில் துணி காயப்போட்டாலே இடது கை கடுக்கிறது என்பாள்; கீழே தொங்கவிட்டால் சரியாகிவிடும். டைபாய்டு, டி.பி. எல்லாம் பார்த்து இல்லை என்றார்கள். உடம்பில் அழற்சி இருந்தால் கூடும் ரத்த அளவாமே, அந்த இ.எஸ்.ஆர். 82 இருந்தது. கடைசியில் மதுரையில் ஒரு டாக்டர் இரண்டு கையிலும் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, இடது கையில் துடிப்பே இல்லை என்றார். கழுத்தில் டாப்ளர் (ஒலி அலை ஸ்கேன்) எடுத்து, ‘டகயாசு’ என்று எழுதி, ஸ்டீராய்டு மாத்திரை தினம் 40 மி.கி. ஆரம்பித்திருக்கிறார். இன்றோடு ஐந்து நாள். இப்போது எம்.ஆர்.ஐ. ஒன்றும், முடிந்தால் பெட் ஸ்கேனும் எடுக்கச் சொல்கிறார். பெட் ஸ்கேனுக்கு இன்னும் பத்து நாள் கழித்துத்தான் தேதி கிடைத்திருக்கிறது. அது புற்றுநோய்க்கு எடுக்கும் ஸ்கேன்தானே என்று வீட்டில் எல்லோரும் பயப்படுகிறோம். ஒரே ஸ்கேனில் தெரியாதா? சதை எடுத்துப் பார்த்தால் போதாதா? கல்யாணம் ஆகாத பெண், இந்தக் கதிர்வீச்சால் பின்னால் குழந்தை பிறப்பதில் சிக்கல் வருமா? ஸ்டீராய்டு போட்டால் ஸ்கேனில் ஒன்றும் தெரியாது, அதுவரை மாத்திரையை நிறுத்தி வை என்கிறார் லேப் வைத்திருக்கும் உறவினர் ஒருவர். நிறுத்தலாமா?
ஒரு தாய், காரைக்குடி

பதில்: அம்மா, வணக்கம். நீங்கள் கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்கேன் தேதிவரை மாத்திரையை நிறுத்தி வைக்காதீர்கள். ஒரு நாள்கூட வேண்டாம். (கடிதம் கிடைத்த அன்றே இதை மட்டும் உங்களுக்குத் தனியாக எழுதிப் போட்டுவிட்டேன். பத்திரிகை அச்சாகிவரும் வரை காத்திருக்கும் விஷயமில்லை.)

உங்கள் உறவினர் சொன்னதில் பாதி உண்மை. டகயாசு என்பது பெரிய ரத்தக்குழாய்களின் சுவர் வீங்கும் நோய். ஸ்டீராய்டு ஆரம்பித்த பிறகு பெட் ஸ்கேனில் அந்தச் சுவரின் ஒளிர்வு மங்கத் தொடங்கும். முதல் மூன்று நாளுக்குள் எடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது, பத்து நாள் ஆகிவிட்டால் நிறையப் பேருக்கு மங்கிவிடும். ஆனால் படம் பளிச்சென்று விழவேண்டும் என்பதற்காக ரத்தக்குழாயை இன்னும் பத்து நாள் வீங்கவிட முடியாது. உங்கள் மகளுக்கு மூளைக்குப் போகும் கழுத்துத் தமனியிலேயே வீக்கம் இருப்பதை டாப்ளர் காட்டியிருக்கிறது. அதனால் மாத்திரை முதலில், படம் அப்புறம்.

இந்த நோய் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியின் சுவரிலும், அதிலிருந்து கழுத்து, கை, சிறுநீரகம் என்று பிரியும் பெரிய கிளைகளின் சுவரிலும் அழற்சி வருகிறது. கிருமி எதுவும் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் குழாய்ச் சுவரைத் தாக்குகிறது. முடக்குவாதம், லூபஸ் போன்றவற்றைப் பார்க்கும் எங்களிடம் இந்த நோயாளிகளும் வருவதற்கு அதுதான் காரணம். வீங்கிய சுவர் நாளடைவில் தழும்பேறித் தடித்து, உள்ளே ரத்தம் போகும் வழி குறுகிவிடும். கையைத் தூக்கி வேலை செய்யும்போது தசைக்குக் கூடுதலாக ரத்தம் வேண்டும். குறுகிய குழாயால் கொடுக்க முடியாது. உடனே கடுக்கும். உங்கள் மகள் கொடியில் துணி போடும்போது கண்டுபிடித்தது அதைத்தான்.

பெரும்பாலும் 40 வயதுக்குள் இருக்கும் பெண்களுக்கு வருகிறது. ஜப்பானிலும் இந்தியாவிலும் மேற்கத்திய நாடுகளைவிட அதிகம். பெயருக்குரிய மிக்கிட்டோ டகயாசு ஒரு கண் டாக்டர். 21 வயதுப் பெண் ஒருவரின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் மாலைபோல் வளைந்து பின்னிக் கிடந்ததை 1908-ல் ஒரு கூட்டத்தில் விவரித்தார். அதே கூட்டத்தில் வேறு இருவர் எழுந்து, எங்களிடமும் இப்படிக் கண் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குக் கையில் நாடியே இல்லை என்றார்கள். ‘நாடியில்லா நோய்’ என்ற பெயரும் இதற்குப் பின்னால் வந்தது. மதுரை டாக்டர் ஸ்கேன் எதுவும் எடுக்கும் முன்பே இரண்டு கையையும் பிடித்துப் பார்த்தாரே, அதற்காக அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். ஆறு மாதம் எத்தனை இடங்களுக்கு அலைந்திருப்பீர்கள்! ஆளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதியிருப்பார்கள், நாடியைத் தொட்டவர் ஒருவர்தான்.

சரி, சதை எடுத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். தோலிலோ சிறுநீரகத்திலோ உள்ள சின்னக் குழாய்கள் வீங்கும் நோய்களில் அதைத்தான் செய்கிறோம். ஆனால் பெருந்தமனியில் ஒரு துண்டை வெட்டி எடுத்துச் சோதிக்க முடியாது. வேறு காரணத்துக்காக அறுவை சிகிச்சை நடந்தால்தான் அந்தச் சுவர் நம் கைக்கு வரும். அதனால் இந்த நோயில் சதைப் பரிசோதனையின் இடத்தில் ஸ்கேன் உட்கார்ந்திருக்கிறது. அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2022-ல் வெளியிட்ட வகைப்பாட்டு விதிகளில் டகயாசுவுக்கு இரண்டு கட்டாயங்கள் வைத்திருக்கிறார்கள்: கண்டுபிடிக்கும்போது வயது 60-க்கு மேல் இருக்கக் கூடாது, பெருந்தமனியிலோ அதன் கிளைகளிலோ அழற்சி இருப்பது படத்தில் தெரியவேண்டும். படம் இல்லாமல் அந்தக் கணக்கே தொடங்காது.

எந்தப் படம் என்பதில்தான் குழப்பம் வருகிறது. பழைய நாட்களில் தொடை வழியாகக் குழாய் விட்டு மருந்து செலுத்தி எடுக்கும் ஆஞ்சியோகிராம்தான் ஒரே வழியாக இருந்தது. அது என்ன காட்டும்? வாய்க்காலில் தண்ணீர் ஓடும் அகலத்தைக் காட்டும். கரை ஊறி உப்பிக்கொண்டிருப்பதைக் காட்டாது. கரை உப்பி, உப்பி, உள்ளே சரிந்து, தண்ணீர் போகும் வழி குறுகிய பிறகுதான் அதில் தெரியும். அதற்குள் காலம் கடந்திருக்கும். இன்றைய ஸ்கேன்களின் லாபமே சுவரைப் பார்க்க முடிவதுதான். இப்போது நோயைக் கண்டுபிடிக்க மட்டும் அந்தப் பழைய ஆஞ்சியோகிராமை யாரும் பரிந்துரைப்பதில்லை. அடைப்பை பலூன் வைத்து விரிக்கவேண்டும், ஸ்டென்ட் வைக்கவேண்டும் என்ற கட்டத்தில் அது இன்றும் தேவை.

டாப்ளர் எடுத்தாகிவிட்டது. கழுத்துத் தமனியின் சுவர் சுற்றிலும் ஒரே சீராகத் தடித்திருந்தால், குறுக்கே வெட்டிய மக்ரோனி மாதிரி வட்டமாகத் தெரியும். ரிப்போர்ட்டில் ‘மக்ரோனி சைன்’ என்றே எழுதுவார்கள். வயதானவர்களுக்கு வரும் கொழுப்புப் படிவம் இப்படிச் சீராக இருக்காது, அங்கங்கே திட்டுத்திட்டாக, சுண்ணாம்பேறி இருக்கும். 23 வயதுப் பெண்ணின் கழுத்தில் சீரான தடிப்பு இருந்தால் டகயாசு என்பது ஏறக்குறைய உறுதி. கதிர்வீச்சு இல்லை, செலவு குறைவு, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆனால் ஒலி அலைக்குக் காற்றும் எலும்பும் எதிரி. நெஞ்சுக்கூட்டுக்குள் நுரையீரலுக்குப் பின்னால் போகும் பெருந்தமனியை அந்தக் கருவியால் எட்ட முடியாது. கழுத்துக்கும் கைக்கும் அது போதும், நெஞ்சுக்குப் போதாது.

அதனால்தான் எம்.ஆர்.ஐ. கேட்கிறார்கள். உங்கள் டாக்டர் எழுதியதில் தள்ளிப்போடக் கூடாதது இதுதான் என்பது என் கருத்து. இந்த நோய் வரிசையாக இறங்கி வருவதில்லை. கையில் தொந்தரவு கொடுத்துக்கொண்டே, சத்தமில்லாமல் சிறுநீரகத் தமனியையும் சுருக்கிக்கொண்டிருக்கும். ஜப்பானில் பெருந்தமனியின் மேல் வளைவும் கழுத்துக் கிளைகளும் அதிகம் பாதிக்கப்படுகின்றன என்றால், நம் நாட்டில் வயிற்றுப் பகுதியும் சிறுநீரகத் தமனிகளும் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன. இளம் வயதில் பி.பி. ஏறி வரும் பெண்களிடம் நாங்கள் டகயாசுவைத் தேடுவது இதனால்தான். முதல் தடவையே கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு முழு வரைபடம் கையில் இருந்தால், அடுத்த பத்து வருடத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் அடிப்படை. ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்பு தன் பரிந்துரைகளில் டகயாசுவுக்கு முதல் தேர்வாக எம்.ஆர்.ஐ.யைச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இளம் பெண்கள், வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப எடுக்கவேண்டியிருக்கும். இதில் எக்ஸ்ரே கதிர் கிடையாது.

எடுக்கும் இடத்தில் ஒரு விஷயத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். சில ஸ்கேன் சென்டர்களில் ‘எம்.ஆர். ஆஞ்சியோ’ என்று எழுதியிருந்தால் உள்வழியை மட்டும் படமெடுத்து அனுப்பிவிடுவார்கள். நமக்குக் குழாயின் சுவரும் வேண்டும்: சுவர் தடித்திருக்கிறதா, நீர் கோத்திருக்கிறதா, மருந்து ஏற்றியபின் சுவர் அந்த மருந்தை உறிஞ்சுகிறதா என்று. டாக்டரின் சீட்டில் ‘டகயாசு, சுவரையும் பார்க்கவும்’ என்று ஒரு வரி இருந்தால் போதும். ஏற்றும் மருந்தின் பெயர் கடோலினியம். அதற்கு முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்ப்பார்கள். மூக்குத்தி, கம்மல், ஊக்கு, ஹேர்பின் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு அனுப்புங்கள். கழற்ற வராத மூக்குத்தியால் தேதி தள்ளிப்போனவர்கள் உண்டு. முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் சத்தமான குகைக்குள் படுத்திருக்கவேண்டும், நடுநடுவே மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள். வலி இருக்காது.

எம்.ஆர்.ஐ. கிடைக்காத ஊரில் சி.டி. ஆஞ்சியோ அந்த வேலையை ஓரளவு செய்யும். சில நிமிடங்களில் முடிந்துவிடும், சுவரின் தடிப்பும் தெரியும். எக்ஸ்ரே கதிரும் அயோடின் மருந்தும் உண்டு என்பதால் திரும்பத் திரும்ப எடுக்க நான் விரும்புவதில்லை.

இப்போது பெட் ஸ்கேன். புற்றுநோய்க்கு எடுப்பதுதானே என்ற பயத்தை என் அறையில் வாரம் ஒருமுறையாவது கேட்கிறேன். ஊசியில் ஏற்றுவது சர்க்கரையைப் போன்ற ஒரு பொருள், அதோடு கதிரியக்கமுள்ள ஃபுளூரின் ஒட்டியிருக்கும். எந்தத் திசு அதிகமாகச் சர்க்கரை தின்கிறதோ அது படத்தில் ஒளிரும். வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல் நிறையத் தின்னும். அழற்சி உள்ள இடத்தில் குவியும் வெள்ளையணுக்களும் அதே பசியோடுதான் தின்னும். மூளையும் தின்னும், எல்லோருடைய பெட் படத்திலும் மூளை பளீரென்றுதான் இருக்கும். எதை ஒளிரவைக்க வேண்டும் என்று கருவிக்குத் தெரியாது, படத்தைப் படிப்பவருக்குத்தான் தெரியும். நாங்கள் பெருந்தமனியின் சுவரைக் கல்லீரலோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கல்லீரலைவிடக் கூடுதலாகச் சுவர் ஒளிர்ந்தால் அழற்சி மும்முரமாக இருக்கிறது என்று பொருள்.

உங்கள் மகளுக்கு இது தேவையா? நேரில் பார்க்காமல் உங்கள் டாக்டரின் முடிவை மாற்றச் சொல்ல மாட்டேன். என் மனதில் ஓடுவதை மட்டும் சொல்கிறேன். நாடி இல்லை, டாப்ளரில் சீரான தடிப்பு, இ.எஸ்.ஆர். 82, வயது 23. நோய் எது என்ற கேள்வி ஏறக்குறைய முடிந்துவிட்டது. பெட் தேதி வரும்போது ஸ்டீராய்டு தொடங்கி 15 நாள் ஆகியிருக்கும், ஒளிர்வு மங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மங்கலான படத்தைப் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று ரிப்போர்ட் வந்தால், அதை வைத்து யாராவது மாத்திரையைக் குறைத்துவிடப் போகிறார்களே என்பதுதான் என் கவலை. அதே சமயம் மாதக்கணக்கில் காய்ச்சல், எடை குறைவு என்பதால் எங்காவது நிணநீர்க் கட்டியில் காசநோயோ வேறு எதுவோ ஒளிந்திருக்கிறதா என்ற சந்தேகம் அவருக்கு இருக்கலாம். அப்படியென்றால் பெட்டுக்கு நியாயம் இருக்கிறது, 15 நாள் ஆனாலும்கூட. அதனால் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “இந்த ஸ்கேனில் என்ன வந்தால் மருந்தை மாற்றுவீர்கள், சார்?” தெளிவாகப் பதில் வந்தால் எடுங்கள். ‘எதற்கும் எடுத்து வைப்போம்’ என்றால் எம்.ஆர்.ஐ. வரும்வரை பொறுக்கலாமா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கவேண்டாம். நாடி பார்க்கப் பொறுமை இருந்தவருக்கு இதற்குப் பதில் சொல்லவும் பொறுமை இருக்கும்.

எடுப்பதாக இருந்தால்: ஆறு மணி நேரமாவது வெறும் வயிறு, வெறும் தண்ணீர் குடிக்கலாம். காலையில் ‘ஒரு வாய் காபி மட்டும்’ என்று சர்க்கரை போட்டுக் கொடுத்துவிடாதீர்கள், மொத்தப் படமும் கெடும். ஸ்டீராய்டு ரத்தச் சர்க்கரையை ஏற்றும், அங்கே அளந்து பார்ப்பார்கள், மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். முந்தின நாள் ஓட்டம், உடற்பயிற்சி வேண்டாம். வேலை செய்த தசையும் சர்க்கரை தின்று ஒளிரும். ஊசி போட்டபின் ஒரு மணி நேரம் பேசாமல், குளிர் படாமல் படுத்திருக்கவேண்டும்.

கதிர்வீச்சுக் கணக்கு இது. நாம் எல்லோருமே மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம், உலகச் சராசரி அது. ஒரு பெட் ஸ்கேனில், அதோடு சேர்த்து எடுக்கும் சி.டி.யின் அளவைப் பொறுத்து, 10 மில்லிசீவர்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகும். நாலைந்து வருடத்தில் தானாக வாங்குவதை ஒரு நாளில் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த அளவில் சினைப்பை பாதிக்கப்படாது, பின்னால் குழந்தை பிறப்பதைத் தடுக்காது. எடுக்கும்போது கர்ப்பமாக இருக்கக் கூடாது என்பதால் மாதவிடாய் தேதியைக் கேட்பார்கள். கல்யாணம் ஆகாத பெண்ணிடம் இப்படிக் கேட்கிறார்களே என்று வருத்தப்படவேண்டாம், எல்லோரிடமும் கேட்பதுதான். ஏற்றிய மருந்தின் கதிரியக்கம் 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். அன்றைக்கு மட்டும் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுச் சற்று விலகி இருந்தால் போதும், மறுநாள் காலையில் ஒன்றும் மிஞ்சாது. வருடா வருடம் வழக்கமாக எடுக்கும் ஸ்கேன் இது இல்லை, அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் எல்லோரும் கூடி உட்கார்ந்து படிப்பீர்கள், தெரியும். சில சொற்களை முன்பே சொல்லிவைக்கிறேன். ‘ஸ்டெனோசிஸ்’ என்றால் குறுக்கம், ‘அக்லூஷன்’ என்றால் முழு அடைப்பு. ‘கொலேட்டரல்ஸ்’ என்று இருந்தால் பயப்படாதீர்கள். அடைபட்ட பாதையைச் சுற்றிக்கொண்டு போக உடம்பே சின்னச் சின்னக் குழாய்களைப் பெரிதாக்கிக்கொண்டது என்று பொருள். இடது கையில் நாடி இல்லாவிட்டாலும் விரல்கள் கதகதப்பாக, நிறம் மாறாமல் இருப்பது அவற்றால்தான். ‘அனியூரிசம்’ என்றால் சுவர் பலவீனமாகிப் புடைத்திருப்பது, அதை டாக்டரோடு தனியாகப் பேசவேண்டும். இன்னொன்று, ‘நுமானோ டைப் 5’ என்று எழுதியிருந்தால் புற்றுநோயின் நாலாவது ஸ்டேஜ், அஞ்சாவது ஸ்டேஜ் மாதிரி எடுத்துக்கொண்டு அழுதுவிடாதீர்கள். ஒரு குடும்பமே என் அறையில் அப்படி அழுதிருக்கிறது. எந்தெந்தப் பகுதியில் நோய் இருக்கிறது என்பதைக் குறிக்கும் எண் அது. பெருந்தமனி முழுவதும் கிளைகளும் சேர்ந்தால் 5. இந்தியாவில் அதிகம் பார்ப்பதும் அந்த டைப்தான்.

ஸ்கேனைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு அதை அப்படியே நம்பாதீர்கள் என்றும் சொல்லவேண்டியிருக்கிறது. நோய் அடங்கிவிட்டது, தொந்தரவே இல்லை என்றிருக்கும் நோயாளிகளை அமெரிக்க தேசியச் சுகாதார நிறுவனத்தில் பெட் எடுத்துப் பார்த்தார்கள். 2018-ல் வந்த அந்த ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் படத்தில் அழற்சி இன்னும் இருப்பதாகவே தெரிந்தது. அத்தனை பேருக்கும் மருந்தைக் கூட்டவேண்டுமா? யாரும் அப்படிச் செய்வதில்லை. மறுபக்கம் ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றும். அழற்சியைக் காட்டும் ரத்த அளவுகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருக்கும்போதே உள்ளே சுவர் தடித்துக்கொண்டு போகலாம். பின்னாளில் டோசிலிசுமாப் என்ற ஊசி மருந்து போடவேண்டி வந்தால் இது இன்னும் சிக்கல். கல்லீரல் சி.ஆர்.பி. தயாரிக்கச் சொல்லும் கட்டளையையே அந்த மருந்து தடுத்துவிடுவதால், நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சி.ஆர்.பி. அழகாகத்தான் இருக்கும். அப்போது படம்தான் சாட்சி. ஒன்று பொய் சொன்னால் இன்னொன்று காட்டிக்கொடுக்கும் என்றுதான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறோம். இப்படி உடம்பில் தெரியும் மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு நோயின் வேகத்தை அளக்க ‘ஐடாஸ் 2010’ என்று ஒரு முறையை இந்திய மருத்துவர்களே உருவாக்கியிருக்கிறார்கள்; வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. புதிதாக நாடி மறைந்ததா, கழுத்தில் வலி வந்ததா, பி.பி. ஏறியதா என்று நோயாளியைத் தொட்டுக் கேட்டுப் போடும் கணக்கு அது.

பி.பி. என்றதும் ஒரு பழைய தப்பு நினைவுக்கு வருகிறது. நான் மேற்படிப்பு படித்த காலத்தில், நான் இருந்த வார்டில் முப்பது வயதுக்குள் ஒரு பெண் தலைவலி என்று சேர்ந்தார். கையில் பட்டி கட்டிப் பார்த்தேன், 100/70. நார்மல் என்று எழுதினேன். மூன்று நாளும் அதே கையில் பார்த்து அதையே எழுதினேன். நாலாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. பேராசிரியர் வந்தார், ஒன்றும் பேசவில்லை, பெரிய பட்டியைத் தொடையில் கட்டி அளந்தார். 210. கைக்குப் போகும் குழாய்கள் இரண்டும் சுருங்கியிருந்ததால் கையில் குறைவாகக் காட்டியிருக்கிறது, உள்ளே மூளையை அந்த 210 இடித்துக்கொண்டிருந்திருக்கிறது. அவர் பிழைத்துக்கொண்டார். உங்கள் மகளுக்கும் இடது கையில் பார்க்கும் பி.பி.க்கு இனி அர்த்தம் கிடையாது. வலது கையிலும் குறுக்கம் இருந்தால் அதுவும் பொய். அடுத்த முறை போகும்போது இரண்டு கை, இரண்டு கால், நான்கிலும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். காலில் கையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. எந்த உறுப்பில் அளந்தால் நம்பலாம் என்பதை எம்.ஆர்.ஐ. வந்தபின் டாக்டர் முடிவு செய்வார். அந்த இடத்தை நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள். நாளைக்குப் பல் டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டவேண்டும்.

திடீரென்று கண் இருட்டுவது, ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் குழறுவது, நெஞ்சு வலி, தாங்க முடியாத தலைவலி, இவற்றில் எது வந்தாலும் ஸ்கேன் தேதி, டாக்டர் தேதி எதையும் பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

இதைப் படிக்கும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஒரு வார்த்தை, இடம் இருப்பதால். பெரிய குழாய் வீக்கத்தில் ‘ஜெயன்ட் செல் ஆர்டெரைட்டிஸ்’ என்று இன்னொரு வகை உண்டு, ஐரோப்பாவில் அதிகம், நம்மிடம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. புதிதாக ஒரு தலைவலி, தலை சீவினால் நெற்றிப்பொட்டில் வலி, மெல்லும்போது தாடை கடுப்பது. இதை விட்டால் பார்வை போகும். நெற்றிப்பொட்டில் ஓடும் தமனியை அல்ட்ராசவுண்டில் பார்த்தால், வீங்கிய சுவர் ஒரு கறுப்பு வளையமாகத் தெரியும். 1997-ல் பெர்லினைச் சேர்ந்த வோல்ஃப்காங் ஷ்மிட்டும் குழுவினரும் இதை எழுதிய பிறகு பல நாடுகளில் சதைப் பரிசோதனையின் வேலையையே அது குறைத்துவிட்டது. ஸ்டீராய்டு தொடங்கிய சில நாட்களில் அந்த வளையமும் மறையத் தொடங்கும். அங்கேயும் விதி அதேதான்: சந்தேகம் வலுவாக இருந்தால் மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டு ஸ்கேனுக்கு ஓடுவோம்.

கடைசியாக, கல்யாணம், குழந்தை. நீங்கள் கதிர்வீச்சைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள், மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டியது அதைத்தான். ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைப்பதற்காக மெத்தோட்ரெக்ஸேட், மைக்கோஃபீனோலேட் போன்ற மருந்து ஒன்றைச் சேர்ப்பார்கள். இவை இரண்டும் கருவைப் பாதிக்கும். குழந்தை வேண்டும் என்று நினைப்பதற்குச் சில மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி, பாதுகாப்பான மருந்துக்கு மாறிக்கொள்ளவேண்டும். நோய் அடங்கி, பி.பி. கட்டுக்குள் இருந்தால் குழந்தை பெற்றவர்கள் நிறையப் பேர் என்னிடமே வருகிறார்கள். சிலர் பிரசவம் முடிந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுத்த டாப்ளருக்கு வந்து நிற்பார்கள்.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் என்ன சொல்வது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் கடிதத்தில் அது இருக்கிறது. ‘ரத்தக்குழாயில் வீக்கம், மருந்து சாப்பிடுகிறாள்’ என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்து, அங்கே மாத்திரையை ஒளித்துவைத்துச் சாப்பிட முடியாமல் பாதியில் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் இப்போது அவசரமில்லை, முதலில் பி.எட். முடியட்டும். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்ததும், நான்கு பி.பி. அளவுகளையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.